ஃபார்திங் கறி: பூனைத் தீனியின் விலையும் நீரிழிவும்

பூனைக்கென்று காசு கொடுத்துத் தீனி வாங்கும் வழக்கம், பூனை மனிதரோடு வாழத் தொடங்கிய காலத்தோடு ஒப்பிட்டால், நேற்று முளைத்தது. சைப்ரஸ் தீவில் மனிதர் ஒருவரின் அருகே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புகள் ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமையுடையவை எனக் கணிக்கப்பட்டுள்ளன. அன்று தொட்டு 19ஆம் நூற்றாண்டு வரை, தானியக் குதிரிலும் கப்பலின் அடித்தட்டிலும் கடையின் சரக்கறையிலும் எலி பிடிப்பதே பூனையின் வேலையாகவும், பிடித்த எலியே அதன் கூலியாகவும் இருந்தன. கூலி போதாத இடத்தில் மீன் தலையும் பாலும் அடுக்களை மிச்சமும் ஈடுசெய்தன. நகரங்கள் பெருத்து, எலி பிடிக்கும் தேவைக்கு மேலும் பூனைகள் வீடுகளில் சேர்ந்த பிறகே, பூனையின் வயிறு குடும்பத்தின் செலவுக் கணக்கில் ஓர் இனமாக ஏறியது. அந்தச் செலவை நம்பி ஒரு தனித் தொழிலே வளர்ந்த நகரங்களில் லண்டன் தலையாயது.

இந்த வரலாற்றின் நெடுகிலும் ஒரு செய்தி மாறாமல் தொடர்கிறது: மலிவான பூனைத் தீனி என்பது பெரும்பாலும் வேறொரு தொழிலின் கழிவாகவே இருந்துவந்துள்ளது. குதிரைவண்டித் தொழில் கழித்த குதிரை, மீன் டின் ஆலை கழித்த கருஞ்சதை, மாவாலை கழித்த குருணை என அந்தக் கழிவு காலந்தோறும் மாறியது. எந்தத் தொழில் எதைக் கழித்ததோ அதையே எளிய வீட்டுப் பூனை தின்றது. நீரிழிவு கண்ட பூனைக்குக் குறைந்த செலவில் எதை ஊட்டுவது என்று இன்று ஒரு குடும்பம் கணக்குப் பார்க்கும்போது, அக்கணக்கின் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட இந்தக் கழிவுப் பொருளாதாரம் நிற்கிறது.

குச்சியில் கோத்த கறி

19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் தெருக்களில் ‘கேட்ஸ் மீட் மேன்’ என்றழைக்கப்பட்ட நடமாடும் வணிகர்கள் இருந்தனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பூனையின் கறியை விற்றவர் என்று பொருள் திரிந்துவிடும். அவர்கள் விற்றது பூனைக்கு ஊட்டும் குதிரைக்கறி. லண்டன் ஏழைகளின் தொழில்களைத் தெருத்தெருவாக விசாரித்து எழுதிய ஹென்றி மேஹியூ, 1851இல் நூலாக வெளிவந்த தம் ஆய்வில் இவ்வணிகர்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார். நகரத்தில் பத்துப் பேருக்கு ஒரு பூனையாவது இருக்கும் என்று கறிக்காரர் ஒருவர் அவரிடம் கணக்குச் சொல்ல, மேஹியூ அதனை ஏற்காமல், குடியிருக்கும் வீடுகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு லண்டன் பூனைகளை 3 லட்சம் என மதிப்பிட்டார். அந்தக் காலத்தின் முழுமையான கணக்கெடுப்பாக இதைக் கொள்ள இயலாதெனினும், தொழிலின் பரப்பை இது உணர்த்துகிறது.

கறி வந்த வழி எளிது. வண்டி இழுத்து ஓய்ந்த குதிரை, கால் முறிந்த குதிரை, தெருவிலேயே விழுந்து செத்த குதிரை ஆகியவற்றை வாங்கி அறுக்கும் கொட்டில்கள் நகரில் பல இருந்தன. அங்கு தோல் ஒருவருக்கும், எலும்பு உரத்துக்கும், குளம்பு பசைக்கும், கொழுப்பு வண்டி அச்சுக்கும் பிரிக்கப்பட்ட பின், சதை பெரிய செப்புக் கொப்பரைகளில் வேகவைக்கப்பட்டது. காலையில் கொட்டிலுக்கு வந்த கறிக்காரர்கள் அதை எடை போட்டு வாங்கிக் கூடையிலோ தள்ளுவண்டியிலோ ஏற்றித் தத்தம் தெருக்களுக்குப் புறப்பட்டனர். பளபளக்கும் தொப்பி, கறுப்பு மென்பட்டு மேற்சட்டை, நீல ஏப்ரன், கழுத்தில் நீலமும் வெள்ளையுமாகப் புள்ளியிட்ட கைக்குட்டை என அவர்களின் உடையைக்கூட மேஹியூ விட்டுவைக்கவில்லை.

விற்பனை முறைதான் இங்கே நுணுகிப் பார்க்கத் தக்கது. மொத்தமாக வாங்குவோருக்கு ஒரு பவுண்டு எடை சுமார் இரண்டரைப் பென்னி விலைக்குக் கிடைத்தது. அன்றாடங்காய்ச்சிகளுக்கோ, கறியை மெல்லிய துண்டுகளாகச் சீவி மரக்குச்சியில் கோத்து, ஒரு குச்சி ஒரு ஃபார்திங், அரைப் பென்னி, ஒரு பென்னி என்ற விலைகளில் விற்றனர். ஃபார்திங் என்பது ஒரு பென்னியில் கால் பங்கு; அன்றைய பிரிட்டனின் அடிமட்ட நாணயங்களுள் ஒன்று. கையில் ஒரு ஃபார்திங் மட்டுமே உள்ளவரும் தம் பூனைக்கு ஒரு வேளைக் கறி வாங்க இயன்றது இந்தக் குச்சி முறையாலேயே. கறிக்காரரின் குரலை அடையாளம் கண்டு பூனைகள் வாசலுக்கு ஓடிவந்தன. தனித்து வாழும் முதிய பெண்கள் எண்ணிக்கையில் மிகுதியாயினும் நல்ல வாடிக்கையாளர் அல்லர் என்றும், அவர்கள் பேரம் பேசி விலையைக் குறைப்பதோடு அரைப் பென்னி கொடுத்து அரைப் பென்னி கடன் சொல்லி, இரண்டொரு நாளில் அக்கடனை மறந்தும் போவர் என்றும் வணிகர்கள் குறைப்பட்டுக்கொண்டனர். வறியவரின் பூனைக்குக் கறி கடனிலாவது வந்தது என்பதே இக்குறையின் மறுபக்கம்.

இத்தொழில் நூற்றாண்டின் முடிவு வரை செழித்தது. லண்டன் குதிரைகளைப் பற்றி 1893இல் நூல் எழுதிய டபிள்யூ. ஜே. கார்டன், நகரிலிருந்த குதிரைகளைச் சுமார் 3 லட்சம் எனக் கணித்தார். வண்டி இழுத்த குதிரையின் உழைக்கும் ஆண்டுகள் குறைவாகையால் கொட்டிலுக்குச் சரக்கு தட்டுப்படவில்லை. 1901 ஜனவரியில் இந்தக் கறிக்காரர்கள் சுமார் 250 பேருக்கு லண்டனில் ஒரு விருந்தே நடத்தப்பட்டது. பூனைகளை மனிதரைப் போல் வரைந்து புகழ்பெற்ற ஓவியர் லூயி வெய்ன் அவ்விருந்தில் முன்னின்றார். பத்தாண்டுகளில் மோட்டார் வண்டி தெருக்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதும், குதிரை குறையக் குறையக் குச்சிக்கறியும் குறையும் என்பதும் அந்த மேசையில் அமர்ந்தோருக்குத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

அஞ்சலகப் பூனையின் படி

பூனைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்விக்கு அரசு அலுவலகமே எழுத்தில் விடை கண்ட நிகழ்வொன்று பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ஆவணங்களில் உள்ளது. லண்டனின் பணவிடை அலுவலகத்தில் எலிகள் தாள்களைக் கடித்து அழித்துவந்ததால், 1868இல் மூன்று பூனைகளை வைத்துக்கொள்ள இசைவு கேட்கப்பட்டது. அதிகாரி வாரத்துக்கு இரண்டு ஷில்லிங் கேட்டார். மேலிடம் ஒரு ஷில்லிங் மட்டும் ஒதுக்கியது. எஞ்சிய உணவைப் பூனைகள் எலிகளிடமிருந்தே பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும், ஆறு மாதத்தில் எலிகள் குறையாவிட்டால் படியில் மேலும் ஒரு பங்கு வெட்டப்படும் என்றும் ஆணை கூறியது.

ஒரு ஷில்லிங் என்பது 12 பென்னி, அதாவது 48 ஃபார்திங். மூன்று பூனைக்கு ஏழு நாள் என்று வகுத்தால், பூனை ஒன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஃபார்திங்குக்குச் சற்று மேல் வருகிறது. தெருவில் விற்ற அரைப் பென்னிக் குச்சி ஒன்றின் விலை அதுவே. அரசின் படியும் ஏழையின் செலவும் ஒரே குச்சியில் வந்து நின்றன. 1873இல் இந்தப் படி ஒன்றரை ஷில்லிங்காக உயர்த்தப்பட்டது.

1953இல் இந்தப் படி நாடாளுமன்றத்திலும் பேசுபொருளாயிற்று. 1918 ஜூலைக்குப் பிறகு அஞ்சலகப் பூனைகளின் படி உயர்த்தப்படவில்லையே என்று ஓர் உறுப்பினர் வினவ, துணை அஞ்சல் அமைச்சர் பொறுப்பிலிருந்தவர், படி இடத்துக்கு இடம் வேறுபடுவதை நகைச்சுவையாக ஒப்புக்கொண்டார். அக்காலத்தில் தலைமை அலுவலகத்தில் பணியாற்றிய ‘டிப்ஸ்’ என்ற பூனை 23 பவுண்டு, அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல் எடையிருந்தது. நாட்டுப் பூனையின் இயல்பான எடை 4 முதல் 5 கிலோ என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். எலி வேட்டையில் பெயர்பெற்ற அந்தப் பூனை பருத்ததற்குக் காரணம் எலிகள் அல்ல; அது பணியாளர் உணவுக்கூடத்தில் வாழ்ந்ததே காரணம் என்று கூறப்பட்டது. 1964இல் அது இறந்தபோது செய்தித்தாள்கள் இரங்கற்குறிப்பு வெளியிட்டன. படியை எண்ணிக் கொடுத்த காலம் முடிந்து, பூனை அளவின்றித் தின்னும் காலம் தொடங்கிவிட்டது.

குதிரையைத் தின்ற பூனையும் குதிரைத் தீனியும்

கடைச் சரக்காகப் பெட்டியில் அடைத்த தீனியும் லண்டனிலேயே தோன்றியது. கப்பல் மாலுமிகள் வீசிய கடின ரொட்டியைத் துறைமுக நாய்கள் விரும்பித் தின்றதைக் கண்ட ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், 1860ஐ ஒட்டி நாய் ரொட்டித் தொழிலைத் தொடங்கினார். அவர் பெயரால் அமைந்த நிறுவனம் பின்னர்ப் பூனைத் தீனியும் விற்றதோடு, வேகவைத்த குதிரைக்கறி உடல்நலத்துக்கு ஒவ்வாதது என்றும் தம் சரக்கு அதனை அடியோடு விலக்கிவிடும் என்றும் விளம்பரம் செய்தது. மாவை முதன்மையாகக் கொண்ட தீனி, இறைச்சியை ‘அசுத்தம்’ என்று தாக்கியே சந்தைக்குள் நுழைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் மாவு உடனே வென்றுவிடவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பண்ணைகளில் டிராக்டர் பெருகி, வேலையற்ற குதிரைகள் மிகுந்தபோது, 1922இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் பி. எம். சாப்பெல் என்பவர் குதிரைக்கறியை டின்னில் அடைத்து ‘கென்-எல் ரேஷன்’ என்ற பெயரில் நாய்த் தீனியாக விற்கத் தொடங்கினார். லண்டன் கறிக்காரரின் கூடையிலிருந்த அதே சரக்குத்தான் டின்னுக்குள் இடம்பெயர்ந்தது. கலிஃபோர்னியாவின் மீன் டின் ஆலைகள் 1930களில், மனிதர் விரும்பாத கருஞ்சதையையும் வெட்டுத் துண்டுகளையும் பூனை டின்களாக்கின. இரண்டாம் உலகப் போர் இப்போக்கைத் திசைதிருப்பியது. வெள்ளீயமும் இறைச்சியும் போர்த்தேவைக்கு ஒதுக்கப்பட்டதால், டின் இன்றி அட்டைப்பெட்டியில் அடைக்கத்தக்க உலர் தீனியை நோக்கி அமெரிக்க நிறுவனங்கள் நகர்ந்தன.

உலர் தீனியின் முழு வெற்றிக்கு வழிசெய்தது பிதுக்கல் முறை. மாவும் இறைச்சித் தூளும் நீராவியும் கலந்த களியை, முறுக்கு உரலில் மாவைப் பிழிவதுபோல் அழுத்தமும் வெப்பமும் கொடுத்து அச்சுத் துளை வழியே தள்ளினால், வெளியே வந்தவுடன் அது பொரிந்து உப்பி, வெட்டிய துண்டு மொறுமொறுப்பாகிறது. அப்படி உப்புவதற்குச் சோளம், கோதுமை, அரிசி போன்றவற்றின் மாவுச்சத்து தேவை; இறைச்சி மட்டும் இருந்தால் களி பொரியாது. ஆகவே உலர் தீனியில் மாவுச்சத்து இடம்பெற்றதற்கு விலை மட்டும் காரணமன்று, இயந்திரமும் அதை வேண்டியது. 1950களின் பிற்பகுதியில் இம்முறையால் நாய்த் தீனி செய்து வென்ற பியூரினா நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் பூனைக்கும் அவ்வாறே செய்தது. அந்நிறுவனம் 1894இல் செயின்ட் லூயி நகரில் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் தீனி அரைத்து விற்கத் தொடங்கியது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன் குதிரையைத் தின்ற பூனை, இப்போது குதிரையின் தீனியைத் தின்னத் தொடங்கியது. பிரிட்டனில் ஃபார்திங் நாணயம் 1960 டிசம்பர் 31உடன் செல்லாக்காசாயிற்று; ஃபார்திங் கறியின் இடத்தை மொறுமொறுப்பான தானியத் துண்டு பிடித்ததும் ஏறக்குறைய அக்காலமே.

இதே காலத்தில் பூனையின் வாழிடமும் மாறியது. 1947இல் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர் ஈரம் உறிஞ்சும் களிமண் துகள்களைப் பூனைக் கழிவுத் தட்டுக்கென விற்க, பூனை வெளியே போக வேண்டிய கட்டாயம் நீங்கியது. கிண்ணத்தில் கொட்டிவைத்தால் நாள் முழுதும் கெடாத உலர் தீனியும், வீட்டை விட்டு வெளியேறாத வாழ்வும், இனப்பெருக்கம் தடுக்கும் அறுவையும் ஒன்றுகூடிய பின், பூனை ஓடவும் இல்லை, பசிக்கவும் இல்லை.

கணையத்தின் கணக்கு

பூனை, இறைச்சியைக் கட்டாயமாகச் சார்ந்த விலங்கு. அதன் உமிழ்நீரில் மாவைச் சிதைக்கும் நொதி இல்லை. கணையம், அதாவது இரைப்பையின் பின்புறமிருந்து செரிமான நீரையும் இன்சுலினையும் சுரக்கும் உறுப்பு, அந்நொதியைக் குறைவாகவே தருகிறது. கல்லீரலோ புரதத்திலிருந்து ஓயாமல் சர்க்கரையை ஆக்கிக்கொண்டே இருக்கிறது. இனிப்பை உணரும் மரபணு ஒன்று பூனையிடம் செயலிழந்துள்ளது என்பதை ஃபிலடெல்ஃபியாவின் மோனல் ஆய்வு மையத்தார் 2005இல் காட்டினர். பாயசத்தின் பாலைப் பூனை நக்கலாம், இனிப்பை அது அறியாது. காட்டிலும் தெருவிலும் வேட்டையாடி வாழும் பூனைகளின் இரையைப் பகுத்தாய்ந்த 2011ஆம் ஆண்டு மதிப்பீடொன்று, அவற்றின் ஆற்றலில் 52 விழுக்காடு புரதத்திலிருந்தும் 46 விழுக்காடு கொழுப்பிலிருந்தும் வருகிறது என்றும், மாவுச்சத்தின் பங்கு 2 விழுக்காடே என்றும் கண்டது.

நீரிழிவு என்பது இன்சுலின் போதாமையாலோ அது வேலை செய்யாமையாலோ இரத்தத்தில் சர்க்கரை தேங்கும் நோய். நாய்க்கு வருவது பெரும்பாலும் கணையச் செல்கள் அழிந்து இன்சுலினே இல்லாமற்போகும் வகை. பூனைக்கு வருவதோ பருத்த, நடுவயது கடந்த மனிதருக்கு வரும் இரண்டாம் வகையை ஒத்தது. கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் ஒருவகைப் புரதம் படிந்து இறுகுவது மனிதரிடமும் பூனையிடமும் காணப்படுகிறது. அப்புரதம் எது என்பது 1987ஐ ஒட்டி வெளிப்பட்டபோது, ஆய்வுக்கு உதவிய திசுக்களில் நீரிழிவுப் பூனையின் கணையமும் ஒன்று. அமெரிக்கக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளின் பதிவுகளின்படி, 1970இல் அங்கு வந்த பூனைகளில் 10,000க்கு 8 ஆக இருந்த நீரிழிவு, 1999இல் 124 ஆயிற்று. இவ்வேற்றத்தில் ஒரு பங்கு, பூனையின் நோயைக் கண்டறியவும் அதற்குச் செலவழிக்கவும் மக்கள் முன்வந்ததால் விளைந்திருக்கலாம்.

தானியத் தீனியையே முழுக் குற்றவாளியாக நிறுத்துவதும் பொருந்தாது. நெதர்லாந்தில் 2009இல் வெளியான ஆய்வு, வீட்டுக்குள் அடைபடுதலையும் அசைவின்மையையும் காரணமாகக் கண்டதே தவிர உலர் தீனியின் அளவை அன்று. 2017இன் சுவீடன் ஆய்வோ, எடை மிகாத பூனைகளிடையே உலர் தீனிக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு கண்டது. பர்மியப் பூனை இனத்தில் நோய் மிகுந்திருப்பது மரபின் பங்கைக் காட்டுகிறது. அதுபோலவே பழைய குச்சிக்கறியைப் பொற்காலத்து உணவாகப் போற்றுவதும் தவறு. சதையில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவாகையால், எலும்பும் உறுப்புகளும் இன்றி வெறும் சதையை மட்டும் தின்று வளரும் குட்டியின் எலும்பு மெலிந்து முறியும். மீனை மட்டும் தின்ற பூனைகளுக்கு வைட்டமின் ஈ குறைந்து கொழுப்புத் திசு மஞ்சளாகி வீங்கியது. டாரின் என்ற சத்துக் குறைவால் பார்வை கெடுவது 1975இலும், இதயம் தளர்வது 1987இலும் நிறுவப்பட்ட பின்னரே டின் ஆலைகள் அந்தச் சத்தைப் போதிய அளவில் சேர்த்தன. மலிவான தீனி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறையையும் கொண்டுவந்தது.

கறி மருந்தான கதை

மனிதரின் நீரிழிவுக்கு இறைச்சியை மருந்தாக்கிய வரலாறு பூனையின் கதைக்கு எதிர்பாராத முன்னுரையாக அமைகிறது. பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் மருத்துவர் ஜான் ரோலோ, 1797இல் வெளியிட்ட நூலில், மெரிடித் என்ற படைத்தலைவருக்குத் தானியமும் காயும் விலக்கி, பாலும், இரத்தமும் கொழுப்பும் கலந்த புட்டும், நாட்பட்ட இறைச்சியும் கொடுத்து நோயைத் தணித்த முறையை விவரித்தார். இன்சுலினுக்கு முந்தைய காலத்தின் நீரிழிவு மருத்துவம் நெடுங்காலம் இந்தப் பாதையிலேயே சென்றது. 1910களில் ஃபிரெடரிக் ஆலன் அதனைப் பட்டினி மருத்துவமாகவே இறுக்கினார். பூனைக்கு அந்தப் பட்டினி ஒரு நாளும் பொருந்தாது. பருத்த பூனை சில நாள் உண்ணாதிருந்தாலே கொழுப்பு கல்லீரலில் குவிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

டொராண்டோவில் 1921-22இல் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டு, அதன் காப்புரிமை பெயரளவுக்கு ஒரு டாலர் வீதம் பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்டது. மருந்து மலிவாக எங்கும் கிடைக்க வேண்டும் என்ற அந்நோக்கத்துக்கு இறைச்சிக் கூடம் கைகொடுத்தது. பல்லாண்டுகள் இன்சுலின் மாட்டின், பன்றியின் கணையங்களிலிருந்தே எடுக்கப்பட்டது. பூனையின் இன்சுலின் மாட்டு இன்சுலினிலிருந்து ஒரேயொரு அமினோ அமிலத்தில் மட்டுமே வேறுபடுவதால், மாட்டுக் கணையத்தின் மருந்து பூனைக்கு மிக ஒத்துவந்தது. 1982இல் நுண்ணுயிரியால் ஆக்கிய மனித இன்சுலின் வந்தபின் விலங்கு இன்சுலின்கள் படிப்படியாக மறைந்தன. பூனைக்குப் பெரிதும் பயன்பட்ட நீடித்த வகையொன்றை அதன் அமெரிக்கத் தயாரிப்பாளர் 1991இல் நிறுத்திவிட்டார். மனிதருக்கு எது இலாபமோ அதுவே சந்தையில் நிலைக்கும் என்பதால், பூனையின் மருந்தும் தீனியைப் போலவே வேறொரு வணிகத்தின் ஓரத்தில் நின்றது.

உணவிலும் இதே ஓரநிலை காணப்பட்டது. 1990கள் வரை, மனிதருக்கும் நாய்க்கும் நன்மை தந்த நார்ச்சத்து மிகுந்த தீனியே பூனைக்கும் பரிந்துரைக்கப்பட்டது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் சிலர் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தை உயர்த்தும் எதிர்வழியைச் சோதித்தனர். 2006இல் வெளியான ஆய்வில், 63 பூனைகளில், மாவுச்சத்துக் குறைந்த டின் உணவு உண்டவற்றுள் 68 விழுக்காடும், நார் மிகுந்த உணவு உண்டவற்றுள் 41 விழுக்காடும் 16 வாரத்தில் இன்சுலின் தேவைப்படாத நிலையை எட்டின. 2009இன் மற்றோர் ஆய்வில், அத்தகைய உணவோடு கிளார்ஜின் என்ற நீடித்த இன்சுலினும் வீட்டிலேயே எடுத்த இரத்த அளவீடும் சேர்ந்தபோது, நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இம்முறையைத் தொடங்கிய பூனைகளில் 84 விழுக்காடும், தாமதித்துத் தொடங்கியவற்றில் 35 விழுக்காடும் இன்சுலினிலிருந்து விடுபட்டன. கையில் காசு குறைந்த குடும்பத்துக்கு இவ்வெண்கள் சொல்வது தெளிவு: தொடக்கத்தில் செலவழிக்கும் ஆறு மாதம், பிற்பாடு ஆண்டுக்கணக்கில் ஊசிச் செலவை மிச்சப்படுத்தக் கூடும்.

சீட்டின் மேல் கூட்டல் கழித்தல்

நோய்க்கெனத் தனித் தீனி செய்யும் வணிகத்துக்கும் வரலாறு உண்டு. பார்வையற்றோருக்கு வழிகாட்டிய ‘பட்டி’ என்ற நாயின் சிறுநீரக நோய்க்காக மருத்துவர் மார்க் மாரிஸ் 1939இல் தாமே சமைத்து ஆக்கிய கலவை, 1948இல் டொபீகா நகரின் ஹில் இறைச்சி ஆலையில் டின்னில் அடைக்கப்பட்டு, மருத்துவர் சீட்டின் பேரில் விற்கும் தீனிவகைக்கு வித்திட்டது. நீரிழிவுப் பூனைக்கான சீட்டுத் தீனி இன்று கிடைக்கிறதாயினும் அதன் விலை எல்லாராலும் தாங்கத்தக்கதன்று. இங்கேதான் கடையின் சாதாரண டின் மாற்றாகிறது.

டின்னின் சீட்டில் மாவுச்சத்தின் அளவு பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. அதை வாங்குவோர் தாமே கணக்கிட வேண்டும். 100இலிருந்து புரதம், கொழுப்பு, ஈரம், சாம்பல், நார் ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது மாவுச்சத்து. இங்கே சாம்பல் என்பது தீனியை எரித்தால் மிஞ்சும் தாதுப்பொருள். ஒரு டின்னில் புரதம் 11, கொழுப்பு 6, ஈரம் 78, சாம்பல் 2.5, நார் 0.5 எனில் எஞ்சுவது 2. புரதத்துக்கும் மாவுக்கும் கிராமுக்கு 3.5 கலோரி, கொழுப்புக்கு 8.5 கலோரி என்ற வழக்கமான மதிப்பைக் கொண்டு பெருக்கினால், 100 கிராமில் மொத்தம் 96.5 கலோரி, மாவின் பங்கு 7 கலோரி, அதாவது சுமார் 7 விழுக்காடு. புரதம் 32, கொழுப்பு 12, ஈரம் 8, சாம்பல் 7, நார் 3 கொண்ட உலர் தீனியிலோ எஞ்சும் மாவு 38. அதன் ஆற்றலிலும் மாவின் பங்கு சுமார் 38 விழுக்காடு. நீரிழிவுப் பூனைக்கு இப்பங்கு 12 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பது நல்லதென மருத்துவர்கள் கருதுகின்றனர்.

இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் வெளிப்படும் உண்மை, விலைக்கும் தகுதிக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பது. இறைச்சியும் உள்ளுறுப்பும் அரைத்துக் கெட்டிப்படுத்திய களி வகை டின்கள், மலிவானவை உட்பட, பெரும்பாலும் மாவு குறைந்தவை. அழகிய துண்டுகள் குழம்பில் மிதக்கும் வகைகளில், குழம்பு கெட்டிப்படச் சேர்த்த மாவால் அளவு ஏறுகிறது. ‘தானியம் அற்றது’ என்று அச்சிட்ட உலர் தீனியும் உருளைக்கிழங்காலோ பட்டாணியாலோ அதே மாவை மறுவாசல் வழியே கொண்டுவரக் கூடும். பெரிய டின்னை வாங்கிப் பகுத்து உறையவைப்பதும், வீட்டில் சமைத்த கோழிச் சதையைச் சிறிது சேர்ப்பதும் செலவைக் குறைக்கும். வெறும் சதையையே முழு உணவாக்கினால் பழைய சுண்ணாம்புக் குறைவு மீண்டு வரும்.

சிக்கனம் செல்லக் கூடாத இடங்களும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனையைத் திடீரென மாவு குறைந்த உணவுக்கு மாற்றினால், பழைய அளவு மருந்தே சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும். ஆகவே உணவு மாற்றமும் மருந்துக் குறைப்பும் மருத்துவர் கண்காணிப்பில் சேர்ந்தே நடக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட இன்சுலினும் 100 அலகு கொண்டதும் தனித்தனி ஊசிக்குழல்களை உடையவை. மாற்றிப் பயன்படுத்தினால் அளவு இரண்டரை மடங்கு தவறும். மனிதருக்கான அளவீட்டுக் கருவியில், பூனையின் காது விளிம்பில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைச் சோதித்துச் செலவைக் குறைக்கும் வழக்கம் உண்டு. அக்கருவி பூனையின் இரத்தத்தில் உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2022இலும் 2023இலும் அமெரிக்காவில் வாய்வழி மருந்துகள் இரண்டு ஏற்பளிக்கப்பட்டுள்ளன. அவையும் எல்லாப் பூனைக்கும் உரியவை அல்ல.

1868ஆம் ஆண்டின் அஞ்சலக ஆணை இந்நோக்கில் மறுபடியும் படிக்கத் தக்கது. கேட்டதில் பாதியை வெட்டிய மேலதிகாரி, பூனையின் உணவை இரண்டாகப் பகுத்தார்: ஒரு பகுதி அரைப் பென்னிக் குதிரைக்கறி, மறுபகுதி எலி. புரதமும் கொழுப்பும் சுண்ணாம்பும் டாரினும் ஒருசேரக் கொண்டு, ஆற்றலில் மாவுக்குச் சிறு பங்கே விட்டு, பிடிப்பதற்கு ஓட்டத்தையும் கேட்ட அந்த மறுபகுதிக்கு அவர் கணக்கில் ஒரு ஃபார்திங்கும் எழுதப்படவில்லை.